ஓர்கெஸ்ட்ராவுல ஊதுறதும் ஒரு வேலை தான்: கிளாரினெட், ஓபோ, ஃப்ளூட் பக்கம் போக நினைக்கிற மலையகப் புள்ளைகளுக்கு

எங்க தோட்டத்து டிவிசன்ல இருக்குற ஒரு அக்கா மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை, அரைநாள் தேயிலைக் கொழுந்து எடுத்து நிறுத்துக் குடுத்துட்டு நேரா மகளக் கூட்டிக்கிட்டு என் கிளாரினெட் கிளாஸுக்கு வந்தாங்க. "தம்பி, இவ இந்தக் குழாய ஊதியே தீருவேன்னு நிக்கிறா, ஊதட்டும், நான் வேணாம்னு சொல்லல, ஆனா ஊதுனா கடைசியில இவளுக்கு என்னா வேல, அத மட்டும் எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. ரொம்ப நியாயமான கேள்வி. அன்னைக்கு அடுத்த கிளாஸ் புள்ளைங்க வாசல்ல நின்னதால கால் மணி நேரத்துல அரையும் குறையுமா தான் சொல்ல முடிஞ்சது, அதனால முழுசா இங்க எழுதுறேன், அவங்களுக்கும் சரி, ஸ்கூல் பாண்ட்ல ஊதிக்கிட்டு இருக்கிற எல்லாப் புள்ளைகளுக்கும் சரி.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துரலாம். நம்ம பக்கம் ஓர்கெஸ்ட்ரான்னு சொன்னதும் ஞாபகம் வர்றது தேர்த் திருவிழா ராத்திரி கீபோர்ட், கிட்டார், பேட் வச்சு சினிமா பாட்டு பாடுற குழு தான். நான் சொல்றது அது இல்ல. சிம்பனி ஓர்கெஸ்ட்ரான்னா 80, 90 பேர் ஒரே மேடையில உக்காந்து, முன்னாடி ஒரு கண்டக்டர் கைய அசைக்க, ஆளுக்கொரு நோட்ஸ் பேப்பர் பாத்து வாசிக்கிறது. 2025 மார்ச்ல லண்டன்ல இளையராஜா எழுதின சிம்பனிய ரோயல் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ரா வாசிச்ச வீடியோ நம்ம ஊர்ல எல்லார் ஃபோன்லயும் சுத்திச்சே, அந்த மேடை தான். அதுல மூணுல ரெண்டு பங்குப் பேர் வயலின் குடும்பம், கடைசியில பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸும், நடு மத்தியில ரெண்டு வரிசையா ஒரு சின்னக் கூட்டம் உக்காந்திருக்கும். அந்தக் கூட்டம் தான் வூட்விண்ட். அங்க ஒரு நாற்காலி புடிக்கிறதப் பத்தி தான் இந்தக் கட்டுரை.

வூட்விண்ட்ல முக்கியமா நாலு வாத்தியம்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன். ஓபோ என்னன்னு தெரியாதவங்க கோயில் நாதஸ்வரத்த நினைச்சுக்கோங்க. நாதஸ்வரத்துக்கு சீவாளி இருக்குல்ல, நாணல் தட்டைய பதப்படுத்தி ரெண்டு இதழா சேர்த்துக் கட்டினது, ஓபோவுக்கும் அதே தத்துவம் தான், ரெண்டு மெல்லிய நாணல் துண்ட ஒரு சின்னக் குழாயில நூலால சுத்திக் கட்டியிருப்பாங்க, அது பேர் ரீட். பசூனுக்கும் ரெட்டை ரீட், ஆனா அதோட குழாய் ரெண்டரை மீற்றர் நீளம், நேரா புடிச்சா கூரையில இடிக்கும்னு மடிச்சு வச்சிருக்காங்க. கிளாரினெட்டுக்கு ஒத்தை ரீட், மவுத்பீஸ் மேல வச்சு இறுக்கணும். ஃப்ளூட்டுக்கு ரீட்டே கிடையாது, நம்ம புல்லாங்குழல் மாதிரி ஓட்டையோட விளிம்புல காத்து மோதி சத்தம் வரும், இப்ப வெள்ளியில செய்யிறாங்க, ஒரு காலத்துல மரத்துல செஞ்சதால இன்னும் வூட்விண்ட் கணக்குல தான் வச்சிருக்காங்க. அந்த நாணலும் ஏனோதானோன்னு கிடைக்கிற புல் இல்ல, அருண்டோ டோனக்ஸ்னு ஒரு வகை, தெற்கு பிரான்ஸ்ல வார் பகுதியில விளையிறதுக்கு தான் ரொம்ப பேர். கிளாரினெட், ஓபோ செய்யிற கறுப்பு மரம் தான்சானியா, மொசாம்பிக் பக்கத்துல இருந்து வருது. அளவெட்டி நாதஸ்வரக்காரங்களுக்கு ஆச்சா மரம் எப்படியோ அப்படி.

கிளாரினெட் நமக்கு அந்நிய வாத்தியமும் இல்ல. நம்ம தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்த அதே திருச்சிப் பக்கத்துல ஏ.கே.சி. நடராஜன்னு ஒருத்தர் வாழ்நாள் முழுக்க கிளாரினெட்ல கர்நாடக இசை வாசிச்சு 2022ல பத்மஸ்ரீ வாங்கினாரு. என் அப்பாயி நான் மொதத் தடவ லயத்துக்கு கிளாரினெட் கொண்டு வந்து வாசிச்சப்ப "நாயனம் மாதிரியே இருக்கே, கொஞ்சம் அழுதுக்கிட்டு இருக்கு"ன்னு சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் அந்த வாத்தியத்தப் பத்தி அதவிட சரியா யாரும் சொல்லி நான் கேக்கல.

இப்ப வேலைக்கு வருவோம். வயலின்காரங்களுக்கும் வூட்விண்ட்காரங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, அது புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி. முதல் வயலின் பகுதியில 14 பேர், 16 பேர் உக்காந்து ஒரே நோட்ஸ வாசிப்பாங்க, வூட்விண்ட்ல அப்படி இல்ல, ஆளுக்கொரு பார்ட். ஃபர்ஸ்ட் ஓபோவோட வரிய வாசிக்க அந்த மேடையில அந்த ஒரு ஆள் தான், அவர் தப்பா வந்தா 2,000 பேர் கேப்பாங்க, மறைக்க பக்கத்துல யாரும் இல்ல. ஆனா அடுத்த நிமிஷமே அதே ஆள் தன் சத்தம் தனியா தெரியாம கிளாரினெட்டோடயும் பசூனோடயும் கரைஞ்சு ஒரே நிறமா ஆகணும். தனியா நிக்கவும் தெரியணும், காணாம போகவும் தெரியணும், ரெண்டும் அரை நிமிஷத்துக்குள்ள மாறி மாறி வரும். இதுக்கு தான் அவங்களுக்கு சம்பளம்.

ஒவ்வொரு வாத்தியத்துலயும் ரெண்டு பேர், சில நேரம் மூணு நாலு பேர். முதல் ஆளுக்கு பிரின்சிபல்னு பேரு, தனி மெட்டெல்லாம் அவருக்கு. பக்கத்துல செகண்ட். செகண்ட்னா ரெண்டாந்தரம்னு நினைச்சிராதீங்க, அது வேற வித்தை. திருவிழாவுல ரெண்டு நாதஸ்வரம் ஜோடியா வாசிக்கிறப்ப ரெண்டாவது ஆள் எப்படி முதல் ஆளோட மூச்ச பாத்து பாத்து போவாரு, அந்த மாதிரி, பிரின்சிபல் கொஞ்சம் சுருதி ஏறினா செகண்டும் கூடவே ஏறணும், அவர் மெதுவா முடிச்சா இவரு அதவிட மெதுவா, அதுவும் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில, அங்க மெதுவா ஆரம்பிக்கிறது தான் இந்த வாத்தியங்கள்ல ரொம்ப கஷ்டம். முப்பது வருசம் செகண்டாவே இருந்து அதுல பெருமையா ஓய்வு பெறுறவங்க நிறையப் பேர். மூணாவது ஆளுங்க வேற வாத்தியமும் சேர்த்து வாசிக்கணும், ஃப்ளூட்காரர் பிக்கோலோங்கிற சின்ன ஃப்ளூட், ஓபோக்காரர் கோர் ஆங்கிலேங்கிற பெரிய ஓபோ, கிளாரினெட்காரர் கீழ் ஸ்தாயி பாஸ் கிளாரினெட், பசூன்காரர் அதவிட பெரிய கொன்ட்ராபசூன், இந்த ரெண்டாவது வாத்தியம் நல்லா தெரிஞ்சவங்களுக்கு வேலை கிடைக்க வாய்ப்பும் கூட.

கச்சேரி ஆரம்பிக்க முன்னாடி எல்லாரும் சுருதி சேக்குறது ஓபோவ கேட்டு தான். ஓபோக்காரர் ஒரு ஏ சுரத்த நீளமா புடிப்பாரு, செக்கனுக்கு 440 அதிர்வு, ஐரோப்பாவுல பல இடத்துல 442, மத்த எல்லாரும் அதுக்கு வருவாங்க. நாதஸ்வரக் கச்சேரியில ஒத்து ஊதுறவர் புடிச்சுக்கிட்டே இருப்பாருல்ல, அது மாதிரி, ஆனா இங்க ஆரம்பத்துல மட்டும். ஓபோவோட சத்தம் கூட்டத்துக்குள்ள துளைச்சுக்கிட்டு தெளிவா கேக்கும், மத்த வாத்தியம் மாதிரி லேசா ஏத்தி இறக்கவும் முடியாது, அதனால தான் அதுக்கு இந்த மரியாதை.

மூச்சு விசயத்துலயும் ஆளுக்கொரு கஷ்டம். ஃப்ளூட்ல காத்து வேகமா தீர்ந்துரும், ஊதுறதுல நிறைய ஓட்டைக்கு வெளியிலயே போயிரும். ஓபோவுல தலைகீழ், அந்த சின்ன ரீட் இடுக்கு வழியா காத்து போகவே போகாது, நெஞ்சு நிறைய பழைய காத்து அடைஞ்சு நிக்கும், அதனால ஓபோக்காரங்க மூச்சு இழுக்க முன்னாடி மூச்ச வெளியில விடணும், வாசிக்கிற இடைவெளியில ரெண்டையும் செய்யணும். பாக்குறவங்களுக்கு முகம் சிவந்து போறது மட்டும் தான் தெரியும்.

கிளாரினெட்டுக்கு வேற ஒரு வினோதம். புல்லாங்குழல்ல கொஞ்சம் அழுத்தி ஊதுனா ச போய் மேல் ச வரும். கிளாரினெட்ல மேல் ச வராது, அதையும் தாண்டி மேல் ஸ்தாயி பஞ்சமத்துக்கு குதிக்கும். ஒரு பக்கம் மூடின நேர்க்குழாய் எப்படி அதிருமோ அப்படி அது அதிருறதால இந்தக் குணம். அதனால கீழ் ஸ்தாயிக்கு ஒரு விரல் கணக்கு, மேல வேற கணக்கு, நடுவுல ஒரு எல்லை இருக்கு, அத பிரேக்னு சொல்லுவோம். ஒரே நேரத்துல ஒம்பது விரலும் மூடணும், ஒரு விரல் நூல் அளவு விலகினாலும் கீச்சுனு கத்தும். நம்ம ஸ்கூல் பாண்ட்ல கிளாரினெட்ட விட்டுட்டு போற புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க விடுறது இந்த எல்லையில தான், தனக்கு திறமை இல்லனு நினைச்சுக்கிட்டு. உண்மையில பக்கத்துல ஒரு ஆள் இருந்து "இந்த மோதிர விரல பாரு, ஓட்டைய முழுசா மூடல"ன்னு சொன்னா மூணு வாரத்துல தாண்டிரலாம்.

குளிரப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு தனியா சொல்லணும். காத்து 20 டிகிரியில இருந்தா சத்தம் செக்கனுக்கு 343 மீற்றர் போகும், 10 டிகிரின்னா 337 தான். காத்து குளிர்ந்தா வாத்தியத்தோட சுருதி இறங்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்துல இருக்கு, ஜனவரி காலையில புல்லு மேல உறைபனி விழுற ஊரு, அங்க காலையில அசெம்பிளிக்கு பாண்ட் புள்ளைங்க ஃப்ளூட்ட எடுத்த உடனே சுருதி சேரலன்னு திட்டுறது அநியாயம், அஞ்சு நிமிஷம் சத்தமில்லாம சூடான மூச்ச குழாய்க்குள்ள விட விடுங்க, தானா ஏறும். மர கிளாரினெட்டா இருந்தா இன்னும் கவனம், வெளிப்பக்கம் சில்லுனு இருக்க உள்பக்கம் மட்டும் மூச்சால சூடாகி ஈரமானா மரம் வெடிச்சிரும், அதனால ஸ்வெட்டருக்குள்ள வச்சு கொஞ்ச நேரம் சூடாக்கிட்டு தான் வாசிக்கணும், வாசிச்சு முடிச்சதும் துணி விட்டு துடைக்கணும். நம்ம பக்கம் புள்ளைங்களுக்கு பிளாஸ்டிக் கிளாரினெட் தான் நல்லம்னு நான் எப்பவும் சொல்றது இதுக்காக தான்.

பெரிய ஓர்கெஸ்ட்ராவுலயும் இதே பிரச்சினை இருக்கு தெரியுமா? ஒரு சிம்பனியில வூட்விண்ட்காரர் 80, 100 தாளக்கட்டு சும்மா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டி வரும், அந்த நேரத்துல வாத்தியம் ஆறிப் போயிரும், பிறகு தனியா மெதுவா உள்ள வரணும். அதனால மடியில வச்சிருக்கிற குழாய்க்குள்ள சத்தமில்லாம மூச்சு விட்டுக்கிட்டே தான் எண்ணுவாங்க. சும்மா உக்காந்திருக்கிற மாதிரி தெரியிற நேரமும் வேலை நேரம் தான்.

சரி, அந்த நாற்காலி எப்படி கிடைக்கும்? ஓடிஷன், அதாவது வாசிக்க வச்சு ஆள் எடுக்குற தேர்வு. ஒரு பிரின்சிபல் கிளாரினெட் ஓய்வு பெற்றா தான் அந்த இடம் காலியாகும், ஒரு இடத்துக்கு நூறு பேருக்கு மேல வர்றதும் நடக்கும். வாசிக்க வேண்டியது என்னன்னு முதல்லயே குடுத்துருவாங்க. கிளாரினெட்டுக்கு அநேகமா உலகம் முழுக்க மொஸார்ட் 1791ல எழுதின கிளாரினெட் கன்செர்டோ, அதாவது ஒரு கிளாரினெட் முன்ன நின்னு ஓர்கெஸ்ட்ராவோட வாசிக்கிற உருப்படி, அத கேப்பாங்க, அதோட சிம்பனிகள்ல வர்ற கஷ்டமான துண்டுகள், ஒவ்வொண்ணும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் தான் வரும், ஆனா அதுக்கு வருசக்கணக்கா பழகுவாங்க. அமெரிக்காவுல 1970களுக்குப் பிறகு திரை போடுற வழக்கம் பரவிச்சு, வாசிக்கிற ஆள் திரைக்கு அந்தப் பக்கம், கேக்குறவங்க இந்தப் பக்கம், பேர் கிடையாது, நம்பர் மட்டும், செருப்புச் சத்தத்துல ஆணா பெண்ணான்னு கூட தெரியக்கூடாதுன்னு கார்ப்பெட் போடுவாங்க. இத நான் எங்க புள்ளைங்களுக்கு சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் கிளாஸ் அமைதியாயிரும். எந்த ஊரு, எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலைன்னு கேட்டு கேட்டே வளந்த புள்ளைங்க அவங்க. திரைக்குப் பின்னால அந்தக் கேள்வி எதுவும் வராது, சத்தம் மட்டும் தான்.

திரை எல்லாத்தையும் தீர்த்துராது, அதையும் சொல்லிரணும். ஓடிஷன்ல ஜெயிச்ச பிறகு பல மாசம், சில நாட்டுல ஒரு வருசத்துக்கு மேல சோதனைக் காலம் இருக்கும், கூட உக்காந்து வாசிக்கிறவங்க ஏத்துக்கிட்டா தான் நிரந்தரம். 1982ல பெர்லின் பில்ஹார்மோனிக்ங்கிற பேர் போன ஜெர்மன் ஓர்கெஸ்ட்ராவுல ஸபீன மையர்ங்கிற கிளாரினெட் கலைஞர எடுக்க கண்டக்டர் கரயான் விரும்பினாரு, ஓர்கெஸ்ட்ரா உறுப்பினர்கள்ல பெரும்பாலானவங்க ஓட்டுப் போட்டு எதிர்த்தாங்க, மையரோட டோன் மத்தவங்களோட சேரலன்னு காரணம் சொன்னாங்க, ஆனா அது வரைக்கும் அந்த ஓர்கெஸ்ட்ராவுல பெண்களே இல்லாம இருந்து அப்ப தான் உள்ள வர ஆரம்பிச்சிருந்த காலம். மையர் 1983ல விலகி, தனிக் கலைஞரா உலகம் சுத்தி வாசிச்சு, 1993ல இருந்து ஜெர்மனியில லூபெக் இசைக் கல்லூரியில பேராசிரியரா புள்ளைகள உருவாக்கினாங்க. ஒரு கதவு மூடினதும் அவங்க போய் நின்ன இடம் வகுப்பறை, இத ஞாபகம் வச்சுக்கோங்க, பிறகு வர்றேன்.

சாதாரண குடும்பத்துல இருந்து யாராச்சும் அந்தப் பெர்லின் மேடைக்கு போயிருக்காங்களான்னு கேட்டா, ஜேம்ஸ் கால்வே. 1939ல வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல பிறந்தவர், கப்பல் கட்டுற தொழிலாளிங்க வாழுற பகுதி, அங்க தெருவுல ஃப்ளூட் பாண்ட் போகும், நம்ம ஸ்கூல் பாண்ட் மாதிரி தான், அதுல ஊதிப் பழகினவர். 14 வயசுல ஸ்கூல விட்டு பியானோ திருத்துற கடையில வேலை பழகினாரு. பிறகு லண்டன்லயும் பாரிஸ்லயும் படிச்சு, ஒவ்வொரு ஓர்கெஸ்ட்ராவா வாசிச்சு, 1969ல பெர்லின் பில்ஹார்மோனிக்கோட பிரின்சிபல் ஃப்ளூட் ஆனாரு, 1975 வரைக்கும் அங்க இருந்துட்டு தனிக் கலைஞரா போனாரு. தெரு பாண்ட்ல இருந்து பெர்லினுக்கு போற வழியில அவருக்கு ஒவ்வொரு படியிலயும் ஒரு வாத்தியார் இருந்தாரு, நம்ம புள்ளைங்களுக்கும் அவருக்கும் உள்ள பெரிய வித்தியாசமா நான் பாக்குறது இத தான்.

தினப்படி வாழ்க்கை எப்படின்னா, காலையில எழும்பி நீள சுரம், ஒரே சுரத்த மெதுவா ஆரம்பிச்சு பெருசாக்கி திரும்ப மெதுவாக்கி இல்லாம பண்ணுறது, பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், அது தான் அடித்தளம். ஓபோக்காரங்களுக்கு அதோட ரீட் செய்யிற வேலை, பெரும்பாலானவங்க சொந்தமா தான் செய்வாங்க, கத்தியால மில்லிமீற்றர்ல நூறுல ஒரு பங்குக் கணக்குல சீவணும், ஒரு ரீட் கொஞ்ச நாளைக்கு தான் உழைக்கும், பிறகு திரும்ப உக்காரணும். பத்து மணிக்கு ரிகர்சல், லண்டன்ல ஒரு செஷன் 3 மணி நேரம். பகல்ல பாடம் சொல்லிக் குடுக்குறது, ராத்திரி கச்சேரி. அமெரிக்காவுல பெரிய ஓர்கெஸ்ட்ராக்கள்ல வாரத்துக்கு எட்டு தடவை வரைக்கும் ரிகர்சலோ கச்சேரியோ இருக்கும். உடம்பும் தேயும், கிளாரினெட்டோட 800 கிராம் எடைய தாங்குறது வலது கை பெருவிரல் ஒண்ணு தான், பின்னாடி பித்தளை வாத்தியம் அலறுறதால காது போற பிரச்சினை இருக்கு, முன்பல்லு போனா தொழிலே ஆட்டம் காணும். நிரந்தர வேலை இல்லாதவங்க பிரீலான்ஸ், யாருக்காச்சும் சுகமில்லன்னா ஃபோன் வரும், அன்னைக்கே போய் பாத்திராத நோட்ஸ பாத்து வாசிக்கணும். அந்தத் துறையில நிறையப் பேர் இந்த மாதிரி வாசிப்பும் பாடமும் கலந்து தான் வாழுறாங்கன்னு சொன்னா மிகையில்ல.

இப்ப பாடம் சொல்லிக் குடுக்குறதுக்கு வர்றேன். மேடையில இடம் கிடைக்காதவங்க தான் டீச்சர் ஆவாங்கன்னு ஒரு நினைப்பு நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு. வூட்விண்ட்ல அது சுத்தமா தப்பு, அதுக்கு காரணம் வாயி. வயலின் படிக்கிற புள்ளையோட கைய வாத்தியார் பாக்கலாம், புடிச்சு திருத்தலாம், கீபோர்ட்லயும் விரல் தெரியும். ஊதுற வாத்தியத்துல முக்கியமான எல்லாமே உள்ள நடக்குது, நாக்கு எங்க இருக்கு, தொண்டை திறந்திருக்கா, வயித்துல இருந்து காத்து வருதா நெஞ்சுல இருந்தா, எதுவும் வெளியில தெரியாது. வாத்தியார் சத்தத்த கேட்டே உள்ள என்ன நடக்குதுன்னு கண்டுபுடிக்கணும், "நாக்கோட பின்பக்கம் கீழ இறங்கிருச்சு, ஈன்னு சொல்ற மாதிரி தூக்கு"ன்னு சொல்லணும். அந்தக் காது எங்கயிருந்து வரும், தானும் அதே தப்ப பண்ணி, அதே சத்தத்த தன் வாயில கேட்டு, திருத்தின ஆளுக்கு தான் வரும். யூடியூப் பாத்து விரல் கணக்கு படிக்கலாம், நானும் புள்ளைங்களுக்கு பாக்க சொல்லுவேன், ஆனா யூடியூப் திரும்ப உங்கள கேக்காது. அதனால தான் உலகத்துல பல பெரிய இசைக் கல்லூரிகள்ல ஓபோ சொல்லிக் குடுக்குறவர் அந்த ஊர் ஓர்கெஸ்ட்ராவோட பிரின்சிபலாவும் இருப்பாரு. ரெண்டு வேலை இல்ல அது, ஒரே வேலையோட ரெண்டு பக்கம்.

மார்செல் தாபுதோன்னு ஒருத்தர் கதை இதுக்கு நல்ல உதாரணம். பிரான்ஸ்ல பிறந்து பாரிஸ்ல ஓபோ படிச்சவர், 1915ல இருந்து 1954 வரைக்கும் அமெரிக்காவுல பிலடெல்பியா ஓர்கெஸ்ட்ராவோட பிரின்சிபல் ஓபோ. அதோட அங்க கர்ட்டிஸ் இன்ஸ்டிடியூட்ங்கிற இசைக் கல்லூரியில 1924ல இருந்து பாடம் எடுத்தாரு. ஒரு மெட்டு எங்க வளருது, எங்க அடங்குதுன்னு புள்ளைங்களுக்கு புரிய வைக்க சுரத்துக்கு சுரம் நம்பர் போட்டு சொல்லிக் குடுத்தாரு, 1, 2, 3ன்னு அழுத்தம் ஏறும், பிறகு இறங்கும், நம்ம ஜதி சொல்லிப் பழகுற மாதிரி கைக்குள்ள புடிக்க முடியாத ஒண்ண எண்ணிக்கையில புடிச்சு குடுத்திருக்காரு. இன்னைக்கு அமெரிக்காவுல ஓபோ வாசிக்கிற விதம் பெரும்பாலும் அவர் வழியா வந்தது தான். அவர்கிட்ட படிச்சவர் ஜோன் டி லான்சி. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச 1945ல டி லான்சி அமெரிக்க இராணுவச் சிப்பாயா ஜெர்மனியில இருந்தாரு, அங்க வயசான இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ சந்திச்சு, ஓபோவுக்கு ஒரு கன்செர்டோ எழுத நினைச்சதுண்டான்னு கேட்டாரு. அவர் இல்லன்னு ஒத்தை வார்த்தையில சொல்லிட்டாரு. ஆனா கொஞ்ச மாசத்துல எழுதிட்டாரு, இன்னைக்கு ஓபோக்காரங்க எல்லாரும் படிக்க வேண்டிய உருப்படி அது. டி லான்சி ஊருக்கு திரும்பி 1954ல தன் வாத்தியார் உக்காந்த அதே நாற்காலியில உக்காந்தாரு, பிறகு அதே கர்ட்டிஸ்ல டைரக்டரும் ஆனாரு. குரு, சிஷ்யன், பிறகு அந்த சிஷ்யன் குருன்னு நம்ம நாதஸ்வரப் பரம்பரையில நடக்குறது தான் அங்கயும்.

சொல்லிக் குடுக்குறது வாசிக்கிறவருக்கும் லாபம். என்கிட்ட படிக்கிற ஒரு பொடியன் ஒரு நாள் "சேர், கோயில்ல நாயனம் ஊதுற தாத்தா கன்னத்த உப்புறாரு, நாங்க உப்புனா மட்டும் ஏன் ஏசுறீங்க"ன்னு கேட்டான். எனக்கும் அது வரைக்கும் உப்பக்கூடாதுன்னு தான் தெரியும், ஏன்னு நான் யோசிச்சதில்ல. வீட்டுக்கு போய் கண்ணாடி முன்னாடி ரெண்டு விதமாவும் ஊதிப் பாத்தேன். கிளாரினெட்ல கீழ் உதடு ரீட்ட தாங்கணும், வாயோட ரெண்டு ஓரமும் இறுகி நாடி தட்டையா நின்னா தான் அந்த உதடு மெத்தை மாதிரி நிக்கும், கன்னம் உப்புனா ஓரம் தளர்ந்து சுருதி இறங்குது. நாதஸ்வரத்துல அந்த மாதிரி இல்ல, உதட்டையும் மூச்சையும் தளர்த்தி இறுக்கி தான் கமகமே வருது, அங்க தளர்வு தேவை. அடுத்த சனிக்கிழமை போய் அவனுக்கு சொன்னேன், அன்னையில இருந்து என்னோட கீழ் சுரங்களும் சுத்தமாச்சு.

நம்ம நாட்டு நிலைமை என்னன்னு மறைக்காம சொல்லிர்றேன். கொழும்புல இலங்கை சிம்பனி ஓர்கெஸ்ட்ரா 1958ல ஆரம்பிச்சது, இன்னும் நடக்குது, ஆனா அதுல வாசிக்கிறவங்க பெரும்பாலும் வேற தொழிலும் வச்சுக்கிட்டு தான் வாசிக்கிறாங்க. மாசச் சம்பளத்தோட ஊதுற வேலை வேணும்னா பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை பாண்ட்கள் இருக்கு, அங்க கிளாரினெட்காரங்களுக்கும் இடம் உண்டு. ஸ்கூல்கள்ல ஓ லெவலுக்கு மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடம், ஆனா நம்ம பக்கத் தமிழ் ஸ்கூல்கள்ல கர்நாடக சங்கீதத்துக்கு டீச்சர் கிடைக்கிற அளவுக்கு இதுக்கு கிடைக்கிறதில்ல, அதனால இத படிச்சு வர்ற ஒரு தமிழ்ப் புள்ளைக்கு சொல்லிக் குடுக்குற வேலை கண் முன்னாடியே காத்துக்கிட்டு இருக்கு. பக்கத்துல இந்தியாவுல மும்பையில 2006ல ஆரம்பிச்ச சிம்பனி ஓர்கெஸ்ட்ரா ஒஃப் இந்தியா முழு நேரக் கலைஞர்களோட நடக்குது. சென்னையில ஏ.ஆர். ரஹ்மான் 2008ல ஆரம்பிச்ச கே.எம். இசைக் கல்லூரி இருக்கு, நம்ம மொழி பேசுற ஊர்ல படிக்கலாம். இன்னும் தூரம் போகணும்னா ஜெர்மனியில அரச இசைக் கல்லூரிகள் பெரும்பாலானதுல படிப்புக்கட்டணம் இல்ல, இல்லாட்டி குறைவு, ஆனா உள்ள போக ஓடிஷன் கடுமை, மொழியும் படிக்கணும்.

ஆரம்பிக்கிற வயசு கிளாரினெட், ஃப்ளூட்டுக்கு ஒம்பது பத்து சரி, முன்பல்லு விழுந்து முளைச்சிருக்கணும், விரல் ஓட்டைய மூடணும். ஓபோவும் பசூனும் இன்னும் ரெண்டு மூணு வருசம் கழிச்சு. அது வரைக்கும் ரெக்கோடர், அத விளையாட்டுச் சாமான் மாதிரி பாக்காதீங்க, விரலும் நாக்கும் சேர்ந்து வேலை செய்யப் பழகுறது அதுல தான். ரீட்டோட தடிப்பு 2 நம்பர், இல்லாட்டி அதுக்கும் கீழ ஆரம்பிங்க, தடிச்ச ரீட் வாங்கினா சீக்கிரம் வளரலாம்னு நினைச்சு புள்ளையோட உதட்ட கெடுக்காதீங்க. மூணு நாலு ரீட்ட மாத்தி மாத்தி பாவிங்க. பிறகு ஏ.பி.ஆர்.எஸ்.எம். மாதிரி வெளிநாட்டுப் பரீட்சைகள், கிரேட் 1ல இருந்து 8 வரைக்கும் இருக்கு, 8 முடிச்சா தான் கல்லூரி ஓடிஷனப் பத்தி யோசிக்கலாம், அது முடிவு இல்ல, வாசல். பிராக்டிஸ் பண்ண லயத்துல இடம் இல்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவுல கைக்குழந்தை தூங்கும், எனக்கும் அதே நிலைமை தான் இருந்துச்சு, காலையில வேலைக்கு எல்லாரும் கூடுற பெரட்டுக்களத்துல போய் நான் வாசிச்சேன், சாயந்தரம் நாலரைக்குப் பிறகு அங்க யாரும் இல்ல, எதிர்மலையில பட்டு சத்தம் திரும்பி வரும், என் சுருதி தப்பா இருந்தா மலையே சொல்லிக் குடுத்திரும்.

அந்த அக்காவுக்கு நான் கடைசியா சொன்னது இது தான்: நல்லா படிச்சா இவ ஓர்கெஸ்ட்ராவுல வாசிக்கலாம், பாண்ட்ல சேரலாம், டீச்சராகலாம், அநேகமா ரெண்டு மூணையும் ஒண்ணா செய்வா, பத்து வருசம் ஆகும், அந்தப் பத்து வருசமும் ஏ லெவல் படிப்ப விடக்கூடாது. அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "டீச்சருன்னா சரி, ஆனா பத்து வருசமா தம்பி"ன்னாங்க. "கொழுந்து எடுக்க கைபழகவே உங்களுக்கு எத்தன வருசமாச்சுக்கா"ன்னு கேட்டேன். அவங்க விரல பாத்துக்கிட்டாங்க, பிறகு சனிக்கிழமை எத்தன மணிக்கு கூட்டிட்டு வரணும்னு கேட்டாங்க.

அந்தப் புள்ளைக்கு வாத்தியம் எப்படி கிடைச்சதுன்னும் சொல்றேன். பக்கத்து ஊர் ஸ்கூல் ஒண்ணுல பாண்ட் அறை அலுமாரியில ஒரு கிளாரினெட் நாலு வருசமா பூட்டிக் கிடந்துச்சு, உடைஞ்சு போச்சுன்னு எழுதி வச்சிருந்தாங்க. எடுத்துப் பாத்தா விரலால அமுக்குற கீக்கு அடியில ஓட்டைய மூடுற பேட், அந்த சின்ன மெத்தை ஒண்ணு கிழிஞ்சிருக்கு, இணைக்கிற இடத்துல கார்க் காஞ்சிருக்கு, அவ்வளவு தான். பொலிஸ் பாண்ட்ல இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டர்கிட்ட முந்தி கொஞ்ச நாள் போய் பேட் மாத்த பழகியிருந்தேன், பழைய பேட்ட சூடு காட்டி எடுத்துட்டு, புதுச ஒட்டி, ஒரு மெல்லிய சிகரட் பேப்பர வச்சு எல்லாப் பக்கமும் சமமா புடிக்குதான்னு இழுத்துப் பாக்கணும். அந்த அதிபர் கடிதம் வாங்கிக்கிட்டு இரவல் குடுத்தாரு. இப்ப அவ ரெண்டு மாசமா கீழ் ஸ்தாயி வாசிக்கிறா, போன சனிக்கிழமை முதத் தடவையா பிரேக் தாண்டி மேல போனா, ஒரு சுரம் தான், ஆனா கத்தாம வந்துச்சு. கீழ இருக்கிற பெரிய பேட் இன்னும் லேசா கசியுது, வர்ற வாரம் கார்க்கோட அதையும் மாத்தணும்.